முற்றம் பெருக்கப் போனோம்

காலையில் எழுந்ததும் என் புருஷன் பர்ஜோவிடம் யாரும் பேசக் கூடாது. கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அந்த நேரத்தில் தலைக்கு மேல் வேலை. விடியல் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டி, கெண்டியில் தண்ணீர் வைப்பார். தண்ணீர் சூடாவதற்குள் பாட்டுப் புறாவின் கூண்டைக் கயிற்றால் இழுத்துக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார். பிறகு ஈர்க்குமாறை எடுத்து முற்றத்தை ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வருவார். கடைசிக் கோட்டை இழுத்து முடிக்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும். கண்ணாடி கிளாஸில் காப்பித் தூளையும் சர்க்கரையையும் போட்டு, கொதிநீரை ஊற்றி, தூள் அடியில் படியும்வரை மூங்கில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் வாய் குடித்த பிறகுதான் மனிதராவார். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் பதில் வரும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் நான் நிறைய அழுதிருக்கிறேன்.

பழகிய பிறகு கேலி செய்ய ஆரம்பித்தேன்.

“முத்தத்துல இப்படிக் கோடு கோடா போட்டு வைக்கிறீங்களே, கோழி வந்து படிக்கப் போகுதா?”

“படிக்குது. நேத்து மூணாவது கோடு கோணல்னு சொல்லிச்சு,” என்பார், காப்பி உள்ளே போயிருந்தால்.

இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்கென்று வேறு தீவுக்குப் போனாள். அவள் பிறந்த அன்றிலிருந்து நான் அவருக்கு ‘புக்னே’, அவர் எனக்கு ‘பாக்னே’. பிள்ளையின் அம்மா, பிள்ளையின் அப்பா. பிள்ளை வீட்டில் இல்லாவிட்டாலும் கூப்பிடுவது மாறவில்லை. மற்றவர்களுக்கு அவர் வெறும் ‘பாக்’, ஐயா என்பதுபோல.

எங்கள் பக்கத்தில் மலையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். தாத்தா என்போம். மலை புகைந்தால் வெடிக்கப்போகிறது என்று சொல்வது மரியாதை இல்லை. தாத்தா வீட்டில் விசேஷம் என்போம். அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் விசேஷ வேலை ஆரம்பமானது. முதலில் குரங்குகள் கூட்டமாக இறங்கி மரவள்ளிக் கொல்லையைப் பிடுங்கிப் போட்டன. அடுத்த வாரம் ஊற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. பிறகு ராத்திரி பகல் என்றில்லாமல், யாரோ மாடியில் சோள மூட்டைகளைக் கவிழ்ப்பதுபோல மேலே கற்கள் உருளும் சத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை லாரிகள் வந்தன. எங்களை எல்லாம் ஏற்றி, பதினைந்து கிலோமீட்டர் கீழே ஒரு விளையாட்டு அரங்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு பாய்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. குறை சொன்னால் வாய் அழுகிவிடும், அவ்வளவு நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் காலை நேரம் இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. முந்நூறு பேருக்கு ஆறு கழிப்பறை. வரிசையில் நிற்கும்போதே ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் கப்பில் பாக்கெட் காப்பி, ஆறிப்போய், பாயசம் மாதிரி இனிப்பாக. ஒன்பது மணிக்குப் பட்டணத்துத் தொண்டர் பெண்கள் வந்து பாட்டுப் போட்டு எல்லாரையும் ஆட வைப்பார்கள். மனசு லேசாகுமாம். என் புருஷன் கைலியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். “கை தட்டுங்க பாக், சிரிங்க பாக்,” என்று ஒரு பெண் அவர் கையைப் பிடித்துத் தட்டிவிடுவாள். எனக்குச் சிரிப்பு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

ஆடுமாடுகளை ஏற்ற லாரி இல்லை. அவற்றை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம். எங்களிடம் ஒரு சினைப் பசு இருந்தது, தலைச்சன் சினை, எந்த வாரமும் போடலாம் என்ற நிலை. மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் காலை ஆறிலிருந்து எட்டுவரை மேலே போய்த் தீனி போட்டுவிட்டு வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பு. அதற்குக் காவல் எங்கள் ஊர்க்காரனே, தர்னோ என்று பேர்.

தர்னோவுக்கு நாற்பது வயதிருக்கும். மணல் லாரி ஓட்டியவன். முகாமில் எங்கள் பாய்க்கு அடுத்த பாய் அவனுடையது. அவன் மனைவி யாத்மி, இரண்டு பிள்ளைகள். ஓயாமல் பேசுகிறவன். இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி எப்போதும் தொங்கும். மலை உச்சியில் புதைத்த கருவியின் சத்தத்தை அதில் நாள் முழுக்க விடுவார்கள். மலை சும்மா இருந்தால் காதோரம் கொசு பறப்பதுபோல மெலிதாக ஓடும். மலை அசைந்தால் சத்தம் கீச்சென்று ஏறி, மெதுவாக இறங்கும். முகாமில் சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்தை வாயால் செய்து விளையாடினார்கள்.

என் புருஷன் தினமும் பைக்கில் மேலே போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். திரும்பும்போது முகம் தெளிவாக இருக்கும். நன்றாகப் பேசுவார். மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பார். அவ்வளவுதான். எட்டு நாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். புகை வாசனை இருந்தது, சாம்பல் இருந்தது, மாட்டு வாசனை இல்லை. இருபத்தாறு வருஷம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவளிடம் அது செல்லுமா? மறுநாள் காலை அவர் பைக்கை எடுக்கும்போது பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“நீ எங்க புக்னே?”

“மாட்டைப் பாக்க.”

அவர் வண்டியைக் கிளப்பினார்.

தடுப்பில் தர்னோ மூங்கிலைத் தூக்கிவிட்டான். “இன்னிக்கு ஜோடியாவா? சினிமாக்குப் போற மாதிரி இருக்கு,” என்றான். வாக்கி டாக்கி அவன் இடுப்பில் கீச்சிட்டது. அவன் அதைக் கையால் பொத்திக்கொண்டு, “எட்டுக்குள்ள வந்துடுங்க சுகினெம் அக்கா,” என்று மட்டும் சொன்னான்.

ஊர் முழுக்கச் சாம்பல். வாழை மட்டைகள் பாரம் தாங்காமல் முறிந்து தொங்கின. ஒரு கோழி இல்லை, நாய் இல்லை. பைக் சத்தம் நின்றதும் எங்களுக்கே எங்கள் மூச்சு கேட்டது. நான் நேராகக் கொட்டிலுக்குப் போனேன். கொட்டில் காலி. சாணம் காய்ந்து வெடித்திருந்தது.

“மாடு எங்க?”

“வித்துட்டேன்.”

“எப்ப?”

“ரெண்டாம் நாளே, தடுப்பு போடறதுக்கு முன்னாடி. வளைவுல ஒரு மாட்டு வியாபாரி லாரியோட நின்னான். வயித்துல கன்னோட சாம்பலுக்குள்ள விட்டுட்டுப் போக மனசு வரல.”

“அப்ப தினம் எதுக்குய்யா இங்க வந்தே?” மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “மாடு இல்லாத கொட்டிலுக்கு யாருக்குத் தீனி போட வந்தே? மேல என்ன நடக்குதுன்னு தெரியுதா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்தப் பாயில தனியா உக்காந்து கை தட்டணுமா?”

அவர் அடுப்பங்கரைக்குப் போய் விறகை உடைத்தார். இன்னும் காப்பி குடிக்கவில்லை அல்லவா. நான் கத்திக்கொண்டே பின்னால் போனேன். வாசலில் கால் வைத்தபோதுதான் முற்றத்தைப் பார்த்தேன். ஊரெல்லாம் சாம்பல் மூடிக்கிடக்க, எங்கள் முற்றம் மட்டும் கறுப்பு மண்ணாக, கோடு கோடாக, நேற்றுப் பெருக்கியது தெரிய, அதன் மேல் ராத்திரி விழுந்த மெல்லிய சாம்பலோடு இருந்தது. ஒன்பது நாளும் பெருக்கியிருக்கிறார். பார்க்க ஒரு ஆள் இல்லாத ஊரில்.

கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்து புறாக்கூண்டை ஏற்றினார். கூண்டில் புறா இல்லை. லாரி வந்த அன்றே அதைத் திறந்துவிட்டிருந்தோம்.

“அதுல யாரு பாடப் போறா?” என்றேன்.

“கம்பம் வெறும்னு நின்னா நல்லா இல்ல.”

பிறகு பெருக்க ஆரம்பித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்ட நினைத்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. என் அடுப்பில் என் விறகு எரியும் வாசனை வந்தது. ஈர்க்குமாறு ஒரே சீராக ஓடியது. மேலே மலை அன்று தெளிவாகத் தெரிந்தது. உச்சியில் வெள்ளைப் புகை நேராக, அவசரமில்லாமல் எழும்பிக்கொண்டிருந்தது. கற்கள் உருளும் சத்தம் முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது. அவர் எனக்கும் ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தூள் படியும்வரை காத்திருந்தோம்.

முதல் வாய் குடித்துவிட்டுச் சொன்னார். “அங்க எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது புக்னே. கண்ணு முழிக்கிறேன், நடக்கிறேன், சாப்பிடறேன். விடியல. இங்க வந்து இதைச் செஞ்சாத்தான் விடியுது. சொன்னா நீ விட மாட்டன்னுதான் சொல்லல.”

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் காப்பியைப் போல நான் அதுவரை குடித்ததில்லை. ‘இனி வரக் கூடாது, இதுவே கடைசி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நாளைக்கு ஒரு சீப்பு எடுத்துட்டு வரணும், கிணத்தடியில தலைக்குக் குளிக்கணும்,” என்றேன்.

அப்படித்தான் நானும் போக ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் என் கிணற்றடியில், என் கல்லில் உட்கார்ந்து குளித்தேன். வரிசை இல்லை, கதவைத் தட்டுகிறவர் இல்லை. மூன்றாம் நாள் கொல்லையில் சாம்பலைத் தட்டிவிட்டு மரவள்ளி பிடுங்கி அவித்தேன். இருபத்தாறு வருஷம் பார்த்தும் பார்க்காத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்: கடைசிக் கோடு இழுக்கும்போது அவர் பின்பக்கமாக நடந்து, தன் கால்தடம் ஒன்றுகூட இல்லாமல் வாசற்படி ஏறிவிடுவார். இதற்காகத்தான் ஒரு மனிதன் ஒரு மணி நேரம் முன்னால் எழுவானா என்று கேட்டால், ஆமாம், எழலாம். நான் புதுப்பெண் மாதிரி இருந்தேன். பயமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

மலை தன் வேலையை நிறுத்தவில்லை. ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி தானாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ஆற்றுப் பக்கமிருந்து தீக்குச்சி கிழித்த நெடி வந்தது. அதற்கடுத்த நாள் கிளாஸில் காப்பி நடுங்கி, வளையம் வளையமாக ஓடியது. இருவரும் அதைப் பார்த்தோம். “குடி, ஆறிடும்,” என்றார் அவர். தடுப்பைத் தாண்டும்போதெல்லாம் தர்னோவின் வாக்கி டாக்கி முந்தின நாளைவிட உயரமாகக் கத்தியது. அவன் கேலி பேசுவதும் குறைந்துபோயிருந்தது. மாடு எப்படி என்று கேட்பான். இன்றோ நாளையோ போட்டுவிடும் என்று நான்தான் சொல்வேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை தடுப்பைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் தர்னோ. உச்சநிலை எச்சரிக்கை வந்துவிட்டதாம்.

“இன்னிக்கு யாருக்கும் இல்ல பாக். மாடு வச்சிருக்கிறவங்களுக்கும் இல்ல. மன்னிச்சுக்குங்க.”

“சரிப்பா,” என்றார் என் புருஷன். உடனே சரி என்றுவிட்டார். வண்டியைத் திருப்பினார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. திரும்பிப் போயிருந்தால் அந்த ஆறிய காப்பியைக் குடித்து, கை தட்டி, அந்த நாளும் ஒரு நாளாகப் போயிருக்கும். ஆனால் வண்டியைத் திருப்பும்போது அவர் தோள் இரண்டும் தொங்கிப்போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அன்று காலை முகாமில் தண்ணீர் வரவில்லை. அவர் பல்கூடத் துலக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

“தர்னோ, மாடு நேத்தே முக்க ஆரம்பிச்சிடுச்சுப்பா. தலைச்சன் ஈத்து. விட்டா தாயும் போயிடும், கன்னும் போயிடும். அரை மணி நேரம். ஒரே அரை மணி.”

தர்னோ மலையைப் பார்த்தான். அன்று மலை தெரியவில்லை. மேகம் பாதி வரை இறங்கி மூடியிருந்தது. வாக்கி டாக்கி ஏறின சத்தத்திலிருந்து இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பாக் மட்டும் போகட்டும். நீங்க இங்க நில்லுங்க அக்கா. அரை மணின்னா அரை மணி.”

என் புருஷன் என்னையே பார்த்தார். நான் கண்ணால் போங்க என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தர்னோ மூங்கிலைத் தூக்கிவிட்டான், அவர் போய்விட்டார்.

நானும் தர்னோவும் ரோட்டோரம் நின்றோம். கீழே பத்தடி தள்ளி ஒரு சின்ன லாரியும் அவன்கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தான். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பொய் சொன்னவளுக்கு வாய் ஓயாது என்பதை அன்று என்னிடமே பார்த்தேன்.

“கன்னுக்குப் பின்னங்கால் முன்னாடி வருது போல,” என்றேன். “தனியா எப்படித்தான் சமாளிக்கப் போறாரோ.”

“ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் இழுக்கணுமே,” என்றான் அவன். அவன் முகம் கவலையானது.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வாக்கி டாக்கி திடீரென்று ஓலமிட்டது. ஏறி ஏறி, இனி ஏற முடியாது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. கொசுச் சத்தம்கூட இல்லை. உச்சியிலிருந்த கருவி போய்விட்டது என்று எனக்கே புரிந்தது. லாரிக்காரர்கள், “ஏறுங்க, ஏறுங்க,” என்று கத்தினார்கள். யாரோ மரமணியை விடாமல் அடிக்க ஆரம்பித்தார்கள்.

தர்னோ தன் பைக்கை நிமிர்த்தினான். “கன்னு பாதி வெளிய இருந்தா மாட்டை விட்டுட்டு வர மாட்டாரு அக்கா. நான் போய் இழுத்துட்டு வந்துடறேன். நீங்க லாரில ஏறுங்க.”

இரண்டே வார்த்தை. ‘மாடு இல்லை.’ அவன் வண்டியை மூன்று முறை உதைத்த பிறகுதான் அது கிளம்பியது. அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துப்போய் நின்றேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். மாடு இல்லை என்று தெரிந்தால், அவர் தானாகவே ஓடிவந்துவிடுவார் என்று சொல்லி இவன் போகாமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன். யாராவது போய் என் புருஷனைக் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது எனக்கு. அதனால் பேசாமல் நின்றேன்.

அவன் வளைவில் திரும்பியதும் ஆற்றுப் பக்கம் அது இறங்குவதைப் பார்த்தேன். சுருட்டை ஆடு என்போம் அதை. சாம்பலும் நெருப்புக் காற்றுமாக, கம்பளி ஆட்டு மந்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு வருவதுபோல வரும். சத்தமே இல்லாமல் வந்தது. இரண்டு பேர் என் கையைப் பிடித்து லாரியில் தூக்கிப் போட்டார்கள்.

என் புருஷன் மத்தியானம் முகாமுக்கு நடந்தே வந்தார். தலை முதல் கால் வரை சாம்பல், புருவம் கருகியிருந்தது. கெண்டித் தண்ணீர் கொதிக்கும் முன்பே ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தனவாம்; ஈர்க்குமாறைப் போட்டுவிட்டு, ஆற்றோர ரோடு ஆகாது என்று தெரிந்து, மேற்கே சலாக் பழத் தோப்பு வழியாக வண்டியை விட்டிருக்கிறார். தோப்பு முடியும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. நான் அவரைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். அழுகை அடங்கிய பிறகு அவர் தோளுக்கு மேல் பார்த்தேன். அடுத்த பாயில் யாத்மி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“தர்னோவைப் பாத்தீங்களா?” என்று அவர் காதில் கேட்டேன்.

“தர்னோவா? அவன் எதுக்கு மேல வந்தான்?”

மூன்று நாள் கழித்துத்தான் மேலே போக முடிந்தது. ராணுவக்காரர்கள் போனார்கள். தர்னோ எங்கள் கொட்டிலுக்குள் கிடந்திருக்கிறான். வந்து சொன்ன ஆள் நல்ல மனிதர். யாத்மிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். “கொட்டில்ல மாடு எதுவும் இல்லம்மா. அவர்தான் அவுத்து விட்டிருக்கணும். அதுல நேரம் போயிருக்கும்.” சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷமே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. சினை மாட்டைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தான் தர்னோ.

அதற்குப் பிறகு என் புருஷன் பேச்சைக் குறைத்துவிட்டார். காலையில் மட்டுமல்ல, நாள் முழுவதும். தொண்டர் பெண்கள் கை தட்டச் சொன்னால் தட்டினார். பாக்கெட் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். ராத்திரி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, “நான் சொல்லிடறேன் புக்னே,” என்றார் ஒருமுறை. “சொல்லி?” என்றேன்.

ஏழாம் நாள் காலை. அன்று சாயங்காலம் தர்னோவுக்காகத் தொழுகை வைத்திருந்தார்கள். யாத்மி மூன்று பிளாஸ்டிக் கப்பில் காப்பி வாங்கிக்கொண்டு எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை நாளும் அவள் யாரிடமும் பேசவில்லை. ஒரு கப்பை அவருக்கும் ஒரு கப்பை எனக்கும் கொடுத்தாள்.

“சுகினெம் அக்கா, அந்த மாடு கிடைச்சுதா?”

என் புருஷன் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை.

“கிடைச்சுதும்மா. கீழ ஊர்ல ஒருத்தர்கிட்ட விட்டிருக்கோம்.”

“கன்னு?”

“போட்டுடுச்சு. நல்லா இருக்கு.”

அவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள். பிறகு அவள் உதடு கோணி, சிரிப்பதுபோல ஆனது.

“அவருக்கு மாடுன்னா பயம் அக்கா. யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதுசுல எங்கப்பா வீட்டுக் கொட்டில் பக்கம் வரவே மாட்டாரு. கொம்பைக் கண்டா எட்டி நிப்பாரு. என் தங்கச்சிங்க எல்லாம் ஓட்டுவாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவரு போய்க் கயித்தை அவுத்து விட்டிருக்காரே. கிட்டப் போயிருக்காரே.”

அவள் குரலில் பெருமை இருந்தது. ஒரு வாரமாக அவளிடம் இல்லாதிருந்த ஒன்று அது. அதை அவளிடமிருந்து பிடுங்க என்னால் ஆகவில்லை. எனக்கு அது தேவையாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாத்மி எழுந்து தன் பாய்க்குப் போய்ப் பிள்ளைகளை எழுப்பினாள். அப்பா அவிழ்த்துவிட்ட மாடு பிழைத்துவிட்டது, கன்று போட்டிருக்கிறது, ஊருக்குத் திரும்பியதும் போய்ப் பார்க்கலாம் என்று சொல்வது கேட்டது. சின்னவன் தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டான். அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“அக்கா, கன்னு என்ன நிறம்னு கேக்கறான்.”

என் புருஷன் கப்பைக் கீழே வைத்தார். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

“செவலைப்பா,” என்றார். “நெத்தியில வெள்ளை.”